பெண் பைற்றர் மீன்களை ஒரே தொட்டியில் வளர்த்தல்: வன்னி வீடுகளுக்கான கேள்வி பதில்

பைற்றர், பெட்டா, சண்டை மீன் எல்லாம் ஒன்றுதான். ஆணைத் தனியே வைக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். பெண்களை ஐந்தாறாகச் சேர்த்து வைக்கலாம் என்று கேள்விப்பட்டு இறங்குபவர்கள்தான் அதிகம் தடுமாறுகிறார்கள். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார்ப் பக்கத்துத் தண்ணீரையும் வெயிலையும் மனதில் வைத்து எழுதிய பதில்கள் இவை.

பெண் மீன்கள் சண்டை பிடிக்காதுதானே?

பிடிக்கும். ஆணைப்போல விடாப்பிடியாக நிற்காது, அவ்வளவுதான். மத்திய தாய்லாந்தின் வயல்களிலும் சதுப்புகளிலும், புல் மண்டிய ஆழமில்லாத தண்ணீரில் வாழும் மீன் இது. அங்கே ஒன்று துரத்தினால் மற்றது நாலு முழம் ஓடிப் புல்லுக்குள் மறைந்துவிடும், கதை முடிந்துவிடும். கண்ணாடித் தொட்டியில் நாலு முழம் ஏது? போதாததற்கு, கடையில் கிடைப்பவை காட்டு மீன்களும் அல்ல. தலைமுறை தலைமுறையாகச் சண்டைக்கென்று தெரிந்தெடுத்துப் பெருக்கிய வம்சம். பெண்ணுக்கும் அதே இரத்தம்தான்.

அதனால் கூட்டம் அமைப்பதில் உள்ள வேலை பெரும்பாலும் ஒன்றேதான்: எந்த மீனும் தான் நிற்கும் இடத்திலிருந்து மற்ற மீன்கள் எல்லாவற்றையும் காணக் கூடாது. கீழே வரும் பதில்களில் பாதி இதைச் சுற்றித்தான் வரும்.

நான் தொடங்கலாமா, விடலாமா?

ஆறு மீன் வாங்கப் போகிறீர்கள் என்றால், ஒருநாள் அந்த ஆறையும் ஆறு இடத்தில் பிரித்து வைக்க முடியுமா என்று முதலில் பாருங்கள். முடியாது என்றால் வேண்டாம். ஒரு பெண் மீனை 20 லீற்றர் தொட்டியில் தனியே வைத்தால் அதற்கு ஒரு குறையும் இல்லை. அதற்குத் துணை தேவை என்பது நம்முடைய எண்ணம், மீனுடையதல்ல. சரியாக அமைத்த கூட்டமும் சில வேளை குலையும். அதைத் தெரிந்துகொண்டு இறங்குபவருக்குத்தான் இது சரிவரும்.

எத்தனை மீன் வைக்க வேண்டும்?

குறைந்தது ஐந்து, ஆறு என்றால் நல்லது. இரண்டை வைத்தால் ஒன்று அடிக்கும், மற்றது அடிவாங்கும். மூன்றை வைத்தாலும் கடைசியில் நிற்கும் ஒன்றுக்கே எல்லா அடியும் விழும். ஐந்துக்கு மேல் போனால் அந்த அடி பங்குபடும். ஒற்றை எண்ணாக இருக்க வேண்டும் என்று சிலர் சொல்வதில் பொருள் எதுவும் இல்லை, மீன் எண்ணிப் பார்ப்பதில்லை. கூடினால் நல்லது என்று பத்துப் பன்னிரண்டையும் சிறிய தொட்டிக்குள் போடாதீர்கள். சண்டைக்கு முன் தண்ணீர் கெட்டுவிடும்.

தொட்டி என்ன அளவில் இருக்க வேண்டும்?

ஒரு கன அடி ஏறக்குறைய 28 லீற்றர். கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் 2 அடி × 1 அடி × 1 அடித் தொட்டி நிரம்பினால் 56 லீற்றர். மணல், மேலே விடும் இடைவெளி எல்லாம் போனால் 45தான் மிஞ்சும். ஆறு மீனுக்கு அது காணாது. 3 அடி நீளம், 1 அடி அகலம், 1¼ அடி உயரம் என்று சொல்லிச் செய்விக்கலாம். நிரம்பினால் 106 லீற்றர், உண்மையில் 85 அளவில் தண்ணீர் நிற்கும். நீளம்தான் முக்கியம், உயரமல்ல. பைற்றர் மேலே வந்து காற்றுக் குடிக்கும் மீன். குளத்து விரால் இடைக்கிடை மேலே வந்து போவதைப் பார்த்திருப்பீர்களே, அதே மாதிரி. ஒன்றரை அடிக்கு மேல் ஆழம் இருந்தால் ஏறி இறங்கியே களைத்துவிடும்.

மணலோடு சேர்த்து 130 கிலோ அளவில் வரும். பிளாஸ்ரிக் கதிரை, பழைய மேசை எல்லாம் தாங்காது.

மூடி கட்டாயம். துரத்துப்படும் மீன் பாயும். கம்பி போகும் இரண்டு விரல் இடைவெளி போதும் அதற்கு. தண்ணீருக்கும் மூடிக்கும் இடையில் 4, 5 சென்ரிமீற்றர் காற்று இருக்கட்டும். நுளம்பு வலையைச் சட்டத்தில் இழுத்துக் கட்டினாலும் சரி, பல்லியும் விழாது.

பெண் என்று தந்தது ஆணாக இருந்தால்?

அடிக்கடி நடப்பது. நீளச் செட்டை வராத இளம் ஆண்களும், குட்டைச் செட்டைப் பிளாக்காட் வகை ஆண்களும் பெண்ணைப் போலவே இருக்கும். மூன்று இடத்தைப் பாருங்கள். வயிற்றுக்குக் கீழே, முன் வயிற்றுச் செட்டைக்கும் அடிச்செட்டைக்கும் நடுவில், உப்புக்கல் போல ஒரு வெள்ளைப் புள்ளி: அது முட்டைக் குழாய், பெண்ணுக்குரியது. இளம் ஆணிலும் சில வேளை மங்கலாகத் தெரியும் என்பதால் அதை மட்டும் நம்ப வேண்டாம். அடுத்து, கண்ணாடி ஒன்றைக் காட்டிச் செவுளை விரிக்க வையுங்கள். ஆணுக்குச் செவுளுக்குக் கீழே கறுத்த தாடி போல ஒரு சவ்வு நன்றாக வெளியே வரும், பெண்ணுக்கு வந்தாலும் சின்னதாகத்தான் வரும். மூன்றாவது, முன் வயிற்றுச் செட்டை இரண்டும் ஆணில் நீண்டு தடித்திருக்கும். தனியே வைத்த இரண்டு கிழமைக்குள் தண்ணீர்ப்பரப்பில் காற்றுக் குமிழ்களால் நுரைக்கூடு பெரிதாகக் கட்டினால் சந்தேகப்படுங்கள்; பெண்ணும் எப்போதாவது கட்டும், ஆனால் அரிது.

எப்படிப்பட்ட மீன்களைத் தெரிந்தெடுக்க வேண்டும்?

ஒரே தாயின் குஞ்சுகள், ஒன்றாக வளர்ந்து, இன்னும் பிரிக்கப்படாமல் இருக்கும் மூன்று நாலு மாதப் பெண்கள் கிடைத்தால் வேறெதையும் தேட வேண்டாம். கடையில் தனித்தனிக் கோப்பையில் மாதக்கணக்காக இருந்த ஒரு வயது மீன்களைச் சேர்ப்பதுதான் ஆகக் கடினம். எல்லாம் ஒரே பருமனாக இருக்கட்டும். காதுபோலப் பக்கச் செட்டை பெருத்த டம்போ வகையைக் கூட்டத்தில் விடாதீர்கள், முதலில் அதைத்தான் கொத்தும்.

கொழும்பிலிருந்து இரவு பஸ்ஸில் வருவிப்பவர்கள் ஒவ்வொரு மீனையும் தனிப் பையில், மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மிச்சம் காற்று என்று கட்டச் சொல்லுங்கள். கட்டுவதற்கு முதல்நாள் தீனி போடக் கூடாது. விடிய வந்து சேர்ந்ததை வெயிலேற முன் எடுத்துவிடுங்கள்.

கிணற்றுத் தண்ணீர் சரியா?

வன்னியில் பெரும்பாலும் உவர்த்தன்மையும் சுண்ணாம்பும் உள்ள தண்ணீர். கேத்தலின் அடியில் வெள்ளைப் படை பிடிக்கிறதா, சவர்க்காரம் நுரைக்க மாட்டேன் என்கிறதா, அப்படியானால் உங்களுடையதும் அதுதான். பண்ணையில் பெருக்கிய பைற்றர் பீஎச் (தண்ணீரின் அமில, கார அளவு; 7 நடுநிலை) 6.5 முதல் 7.5 வரை சுகமாக இருக்கும், 8 வரையும் பழகிக்கொள்ளும். ஆனால் பீஎச் கூடிய தண்ணீரில், மீன் கழிவிலும் மிஞ்சிய தீனியிலும் உண்டாகும் அமோனியாவின் நஞ்சு பன்மடங்காகும். 30 பாகை வெப்பத்தில் பீஎச் 7 என்றால் மொத்த அமோனியாவில் நூற்றுக்கு ஒன்று கூட நஞ்சு வடிவில் இராது, பீஎச் 8 என்றால் ஏழு பங்குக்கு மேல். ஒரே அளவு கழிவு, பத்து மடங்கு தாக்கம். சுண்ணாம்புத் தண்ணீர்க்காரர் தீனியிலும் தண்ணீர் மாற்றுவதிலும் மற்றவர்களை விடக் கவனமாக இருக்க வேண்டியது இதனால்தான்.

குழாய்க்கிணற்றுத் தண்ணீர் இறைத்துச் சில மணியில் செம்மஞ்சளாக மாறினால் இரும்பு இருக்கிறது. வாளியில் காற்று மோட்டர் போட்டு இரவு முழுக்க ஓடவிட்டு, அடியில் படிந்ததை விட்டு மேல்தண்ணீரை எடுங்கள்.

கானில் விற்கும் ஆர்ஓ தண்ணீரை மட்டும் ஊற்றலாமா?

வேண்டாம். அது சவ்வு வடிகட்டியால் சுத்திகரித்த தண்ணீர். அதில் கனிமம் ஏறக்குறைய இல்லை, பீஎச்சும் நிலையாக நிற்காது. பாதிக்குப் பாதி கிணற்றுத் தண்ணீரோடு கலந்தால் நல்ல தண்ணீர் கிடைக்கும். மாரியில் மழைத்தண்ணீரையும் அப்படியே கலக்கலாம். முதல் மழையில் கூரைத் தூசு வரும், அதை விட்டுவிட்டுப் பிடியுங்கள்.

கோடையில் வற்றிய அளவை நிரப்பும்போது மட்டும் ஆர்ஓ தண்ணீரைத் தனியே ஊற்ற வேண்டும். ஆவியாகப் போவது தண்ணீர்தான், உப்பும் சுண்ணாம்பும் தொட்டியிலேயே நிற்கின்றன. கிணற்றுத் தண்ணீரை மேலும் மேலும் நிரப்பிக்கொண்டு போனால் ஆவணிக்குள் தொட்டி ஆனையிறவு உப்பளமாகிவிடும்.

தேசிக்காய்ப் புளி விட்டுப் பீஎச்சைக் குறைக்கலாமா?

கூடாது. சுண்ணாம்புத் தண்ணீர் அமிலத்தை விழுங்கிவிட்டு மறுநாள் பழைய இடத்துக்கே ஏறும். நீங்கள் திரும்ப விடுவீர்கள், அது திரும்ப ஏறும். மீனைக் கொல்வது எட்டு என்ற எண்ணல்ல, அந்த ஏற்ற இறக்கம். குறைக்க வேண்டுமானால் ஆர்ஓ அல்லது மழைத்தண்ணீரைக் கலப்பதுதான் வழி. காய்ந்து தானாக விழுந்த வாதுமை இலை, கொட்டாங்காய் மரம் என்றும் சொல்வார்கள், 40 லீற்றருக்கு ஒன்று போடலாம். தண்ணீரைத் தேயிலைச் சாயமாக்கி மீன்களின் பார்வையையும் மங்க வைக்கும். கூட்டத்துக்கு அந்த மங்கல்தான் பெரிய உதவி. பீஎச்சில் பெரிய மாற்றத்தை எதிர்பார்க்காதீர்கள்.

குளோரின்?

குழாயால் வரும் தண்ணீரில் இருக்கும். வெள்ளத்துக்குப் பிறகு சுகாதாரப் பகுதியினர் கிணறுகளுக்கும் குளோரின் இடுவார்கள். பலர் இதை மறந்து, வழக்கமான கிணறுதானே என்று மாற்றிவிட்டு ஒரே நாளில் எல்லா மீனையும் இழப்பதுண்டு. மீன் கடையில் கிடைக்கும் சோடியம் தயோசல்பேற்றுக் கரைசலைப் போத்தலில் எழுதிய அளவில் விடுங்கள். அது இல்லையென்றால் அகன்ற பாத்திரத்தில் காற்று மோட்டரோடு ஒரு முழுநாள் வையுங்கள்.

தொட்டிக்குள் என்னென்ன வைப்பது?

நிறைய. அழகான தொட்டி என்று நாம் நினைப்பதை விட இரண்டு மடங்கு நெருக்கமாக. ஒரு சோதனை உண்டு: தொட்டியின் ஒரு மூலையில் கன்னம் வைத்து நீளப்பக்கமாகப் பாருங்கள். மறுமூலை தெரிந்தால் இன்னும் செடி வேண்டும்.

ஒளிக்குமிடம் மீன் ஒன்றுக்கு ஒன்றரை என்ற கணக்கில், ஆறுக்கு ஒன்பது. தேங்காய்ச் சிரட்டையை அவித்துத் தும்பு சுரண்டி, இரண்டு பக்கமும் ஒன்றரை அங்குல ஓட்டை போடுங்கள். ஒன்றரை அங்குலப் பீவீசீக் குழாய்த் துண்டு, வாய் உடைந்த மண்கலயம் எல்லாம் உதவும். கவனிக்க வேண்டியது வாசல்: இரண்டு இருக்க வேண்டும். ஒரு வாசல் மட்டும் உள்ள சிரட்டை ஒளிக்குமிடமல்ல, பொறி. உள்ளே போனதை வாசலில் நின்று மற்றது அடிக்கும்.

ஒளிக்குமிடத்தை அடியில் மட்டும் அடுக்குவது இன்னொரு பிழை. பைற்றரின் சீவியம் மேற்பரப்பில். துரத்துப்பட்ட மீனும் மூச்சுக்கு மேலே வந்தாக வேண்டும். அங்கேயும் மறைவு வேண்டும் என்பதால் மிதக்கும் செடி தண்ணீர்ப்பரப்பில் பாதியையாவது மூடட்டும். மேல்மட்டத்தில் அகன்ற இலை ஒன்றிரண்டு, படுத்திருக்க.

அடிக்கு ஆற்றுமணல். கடற்கரை மணலும் சிப்பியும் வேண்டாம், அவை கரைந்து தண்ணீரை இன்னும் வன்மையாக்கும். சந்தேகமென்றால் ஒரு பிடியில் வினாகிரி விட்டுப் பாருங்கள், நுரைத்தால் எறியுங்கள்.

குளத்திலும் வாய்க்காலிலும் இருக்கிற பாசியை எடுக்கலாமா?

எடுக்கலாம், வயலுக்கு மருந்தடிக்கும் காலத்தில் வாய்க்காலில் எடுக்காதீர்கள். கொண்டுவந்ததைச் சும்மா அலசிவிட்டுப் போட்டால் அட்டையும் தும்பிக் குடம்பியும் சேர்ந்து வரும். தும்பிக் குடம்பி மீன் பிடித்துத் தின்னும். 10 லீற்றர் தண்ணீரில் 0.1 கிராம் பொட்டாசியம் பேர்மங்கனேற்று, பத்து நிமிடம் ஊறவிட்டு, நன்றாக அலசி, பிறகு ஒரு கிழமை தனி வாளியில் வைத்துப் பார்த்துப் போடுங்கள்.

பில்டரும், தொட்டி "பழகுவதும்"?

ஸ்பொஞ்ச் பில்டர் இரண்டு, இரு முனையிலும். வேகமாகத் தள்ளும் மோட்டர் பில்டர் பைற்றருக்கு ஒத்துவராது. காற்று மோட்டரைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வையுங்கள். கரண்ட் போனால் குழாய் வழியே தண்ணீர் பின்னால் இழுபட்டு மோட்டருக்குள் போகும்.

மீன் விடுவதற்கு முன், அமோனியாவை நைத்திரைற்றாகவும் அதை நைத்திரேற்றாகவும் மாற்றும் பற்றீரியா ஸ்பொஞ்சில் வளர வேண்டும். புதுத் தொட்டிக்கு நாலு முதல் ஆறு கிழமை. தினமும் ஒரு சிட்டிகை தீனியைப் போட்டு, சோதனைக் கிட்டில் அமோனியா பூச்சியம், நைத்திரைற்று பூச்சியம், நைத்திரேற்று கொஞ்சம் என்று வரும்வரை பொறுங்கள். தெரிந்தவரிடம் நோயில்லாத தொட்டி இருந்தால் அங்கே ஓடிய ஸ்பொஞ்சைத் தண்ணீரோடு கொண்டுவந்து போட்டால் காத்திருப்பு வெகுவாகக் குறையும். பிறகு கிழமைக்கு ஒருமுறை நாலில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றினால் போதும். ஸ்பொஞ்சைக் குழாய்த் தண்ணீரில் கழுவாதீர்கள், எடுத்த தொட்டித் தண்ணீரிலேயே பிழியுங்கள்.

மீன்களைத் தொட்டியில் விடும் முறை?

எல்லாவற்றையும் ஒரே நாளில் விட வேண்டும். முதலில் விட்டது தொட்டி முழுவதையும் தன் காணியாக நினைக்கும், பிறகு வருவதெல்லாம் அத்துமீறல்.

அதற்கு முன் மூன்று கிழமை தனித்தனிப் பாத்திரத்தில் வைத்து நோய் பாருங்கள். பாத்திரம் 5 லீற்றருக்குக் குறையாமல், மூடியோடு. ஒவ்வொரு நாளும் பாதித் தண்ணீர் மாற்றுங்கள். கடைசிக் கிழமை பாத்திரங்களை அருகருகே தள்ளி, நாளுக்குப் பத்து நிமிடம் ஒன்றையொன்று பார்க்க விட்டுப் பிறகு இடையில் மட்டை வையுங்கள். எது எப்போதும் முதலில் பாய்கிறது, எது ஒதுங்குகிறது என்று குறித்துக்கொண்டால் வரிசை கிடைத்துவிடும்.

விடும் நாளில் காலை கொஞ்சம் தீனி. அடுத்த நாள் வீட்டில் ஆள் நிற்கும் நாளாகப் பார்த்து, பின்னேரம், விளக்கை அணைத்துவிட்டு, தொட்டித் தண்ணீரைக் கால்மணிக்கு ஒரு கோப்பையாகப் பாத்திரத்தில் சேர்த்து ஒரு மணி நேரம் பழக்குங்கள். ஒதுங்கும் மீனை முதலில் விடுங்கள், பாயும் மீனைக் கடைசியில். முதல்மீனுக்கும் கடைசிமீனுக்கும் இடையில் அரைமணிக்கு மேல் போக வேண்டாம். வெறும் பாத்திரங்களைக் கழுவி வைத்துவிடாதீர்கள், தண்ணீரோடு அப்படியே பக்கத்தில் நிற்கட்டும்.

விட்ட உடனே துரத்துகின்றனவே, எடுத்துவிடவா?

பொறுங்கள். முதல் அரைமணியில் எது சாதாரணம், எது ஆபத்து என்று பிரித்தறிய வேண்டும்.

இரண்டு மீன் பக்கவாட்டில் நிற்கும், ஒன்றின் தலைப்பக்கம் மற்றதன் வால். செட்டை எல்லாம் விறைத்திருக்கும், உடல் நிறம் இருண்டு ஏறும். வாலால் தண்ணீரைத் தள்ளி மற்றதன் முகத்தில் அடிக்கும், தொடாமலே. செவுள் ஒரு விநாடி விரியும். பிறகு ஒன்று நிறம் வெளிறி, முதுகோரமாகத் தலையிலிருந்து வால்வரை இரண்டு கறுத்த கோடு விழுந்து, செட்டையை மடித்துக்கொண்டு திரும்பும். வென்றது ஒரு முழம் துரத்திவிட்டு நின்றுவிடும். நின்றுவிடுகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். நின்றால் வரிசை தீர்மானமாகிறது, விடுங்கள். செடிக்குள் புகுந்தும் விடாமல் போனால், ஒரே மீனையே மூன்று நாலு முறை தேடிப் போனால், இரண்டும் வாயோடு வாய் கவ்விக்கொண்டு சுழன்றால், அது வரிசைச் சண்டை அல்ல.

இந்த அமளி மூன்று நாள், கூடினால் ஒரு கிழமை இருக்கும். செட்டை ஓரத்தில் சின்னக் கீறல் வருவது வழக்கம். செதில் உரிந்தால், செட்டை அடிவரை கிழிந்தால், தீனிக்கு வராமல் மேல் மூலையில் அசையாமல் ஒன்று நின்றால், அன்றே பிரியுங்கள்.

கோட்டைப் பற்றி ஒரு சொல்: நீளவாட்டில் விழுவது பயக்கோடு. மேலிருந்து கீழாக விழும் பட்டைகள் முட்டைக்குத் தயாரான பெண்ணின் அடையாளம். அதைப் பார்த்துப் பதறி மீனைப் பிடிப்பவர்கள் உண்டு.

ஒன்று மட்டும் எல்லாவற்றையும் அடிக்கிறது. எதை எடுப்பது?

அடிப்பதை எடுங்கள், அடிவாங்குவதை அல்ல. அடிவாங்குவதை எடுத்தால் அடுத்த மெலிந்ததற்கு அந்த இடம் போகும். எடுத்ததை ஒரு கிழமை தனியே வைத்து, சிரட்டைகளையும் செடிகளையும் இடம் மாற்றி, விளக்கணைத்த பிறகு கடைசி ஆளாகத் திரும்ப விடுங்கள். இரண்டாம் முறையும் அதே கதை என்றால் அந்த மீன் கூட்டத்துக்குரியதல்ல. அதற்குத் தனித் தொட்டி.

நாலைந்து மாதம் நன்றாக இருந்த கூட்டம் திடீரென்று குலைந்தது ஏன்?

குஞ்சாக வந்தவை அப்போதுதான் முழுதாகப் பருவமடைகின்றன. பழைய வரிசையை ஏற்க மாட்டா. ஒன்றுக்கு நோய் கண்டு மெலிந்தாலும் மற்றவை கண்டுபிடித்துவிடும், உங்களுக்குத் தெரிவதற்கு முன்பே. செடியைக் கத்தரித்துத் தொட்டியை வெளுப்பாக்கியதும், ஒரு புது மீனைத் தனியே சேர்த்ததும் மற்ற இரண்டு காரணங்கள்.

என்ன தீனி, எவ்வளவு?

பைற்றருக்கான சிறுமணித் தீனி மீனுக்கு இரண்டு மூன்று மணி, காலையும் பின்னேரமும். ஒரே இடத்தில் போட்டால் தலைவி அங்கே காவல் நிற்பாள். மூன்று இடத்தில், ஒரே நேரத்தில் தூவுங்கள். மிஞ்சியதைப் பத்து நிமிடத்தில் எடுத்துவிடுங்கள். கிழமைக்கு ஒருநாள் பட்டினி. பச்சை இறாலை ஊசித்தலை அளவுக்கு அரிந்து கொடுக்கலாம். அவித்த முட்டை மஞ்சள் தண்ணீரைக் கெடுப்பதற்கு மட்டும்தான் நல்லது.

நுளம்புக் குடம்பி அருமையான தீனி. ஆனால் வளவில் அதை வளர்ப்பது 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்பு பெருகுவதைத் தடுக்கும் சட்டத்தின் கீழ் குற்றம், டெங்கு வேறு. வாளி வைத்து வளர்க்காதீர்கள். மொய்னா, டப்னியா என்ற நீர்த்தெள்ளுகளை வளர்த்தால் அந்தத் தொல்லை இல்லை.

சித்திரை, வைகாசி வெயிலுக்கு என்ன செய்வது?

24 முதல் 28 பாகை வரை நல்லது. தகரக் கூரை வீட்டில் தொட்டித் தண்ணீர் 32ஐத் தாண்டும். சூட்டில் ஒக்சிசன் குறையும், மீனின் வேகம் கூடும், வேகத்தோடு சண்டையும் கூடும். யன்னலோரமும் மேற்குச் சுவரும் வேண்டாம். மூடியை வலையாக்கி, மேசை மின்விசிறியைத் தண்ணீர்ப்பரப்பின்மேல் ஓடவிட்டால் ஆவியாகி இரண்டு மூன்று பாகை குறையும். ஐஸ்கட்டியை நேரே போடாதீர்கள்.

மார்கழி, தை வாடைக்காற்றில் தண்ணீர் 23க்கு இறங்கலாம். 100 வாற்று ஹீற்றர் போதும். வெண்புள்ளி நோய் அந்த ஏற்ற இறக்கத்தில்தான் வரும்.

கரண்ட் போனால்?

மீன் காற்றுக் குடித்துத் தப்பிவிடும். சிக்கல் ஸ்பொஞ்சில்: மணிக்கணக்காக நின்றால் உள்ளே பற்றீரியா செத்து அழுகத் தொடங்கும். நாலைந்து மணிக்கு மேல் போனால் பற்றரிக் காற்று மோட்டர் போடுங்கள், அல்லது கரண்ட் வந்ததும் ஸ்பொஞ்சைப் பிழிந்துவிட்டு ஓடவிடுங்கள். கரண்ட் வரும்வரை தீனி வேண்டாம்.

காயத்துக்கு உப்புப் போடலாமா?

தனிப் பாத்திரத்தில் போடலாம். லீற்றருக்கு 1 முதல் 2 கிராம், கரைத்து, ஒரு நாளில் இரண்டு தவணையாக. ஐந்து முதல் ஏழு நாள். கல்லுப்பு நல்லது, அயடீன் கலந்த உப்பு என்றாலும் அதனால் மீன் சாகாது. செடியுள்ள பெருந்தொட்டியில் போட்டால் செடி வாடும். வாயிலோ முதுகிலோ பஞ்சுபோல வெண்மை படர்ந்தால் அது பூஞ்சணம் என்று நினைத்துச் சூட்டைக் கூட்டாதீர்கள். கொலம்னாரிஸ் என்ற பற்றீரியா நோயாக இருக்கலாம். சூட்டில் அது இரண்டு நாளில் கொல்லும். மனிதருக்கான அன்ரிபயோற்றிக் குளிசையைத் தொட்டியில் உடைத்துப் போடும் வழக்கத்தை விட்டுவிடுங்கள்.

வயிறு ஊதியிருக்கிறது.

செதில் படிந்திருந்தால் முட்டை, அல்லது தீனி கூடிப்போனது. ஆண் இல்லாமலும் முட்டையைக் கொட்டித் தானே தின்றுவிடும். மேலிருந்து பார்க்கும்போது செதில்கள் விரிந்து நின்றால் நீர்க்கோவை. தனியாக்குங்கள், பிழைப்பது அரிது.

ஆண் ஒன்றையும் சேர்க்கலாமா? கப்பி?

ஆண் வேண்டாம். கப்பியின் வாலைத் தின்றுவிடும். அடியில் மேயும் கோரிடோராஸ் மீன் ஆறு, நத்தை, இவ்வளவோடு நிறுத்துங்கள்.

நுளம்புக்குப் புகை அடிக்க வருகிறார்கள்.

அந்த மருந்துகளில் பல மீனுக்குக் கடும் நஞ்சு. வீட்டில் விசிறும் நுளம்பு மருந்தும் அப்படியே. காற்று மோட்டரை நிறுத்தி, ஈரத்துணியால் தொட்டியை மூடி, புகை அடங்கி யன்னல் திறந்து ஒரு மணி கழித்துத் திறவுங்கள். மோட்டர் ஓடிக்கொண்டிருந்தால் அறைக் காற்றை இழுத்துத் தண்ணீருக்குள்தான் ஊதும்.

ஆறில் ஒன்று செத்துவிட்டது. இன்னொன்று வாங்கவா?

ஐந்து ஒற்றுமையாக இருந்தால் அப்படியே விடுங்கள். நாலாகக் குறைந்தால் இரண்டு மூன்றாகச் சேர்த்து, மூன்று கிழமை தனிவைப்பும் இடமாற்றமும் முழுவதையும் திரும்பச் செய்து விடலாம். வயது போன மீன்களோடு இளசுகளைச் சேர்ப்பதை விட, நாலையும் தனித்தனியாக்கி ஓய்வு கொடுப்பது பல வேளை நல்லது. இதன் ஆயுளே இரண்டு முதல் நாலு ஆண்டுதான்.

வேண்டாமென்றால் குளத்தில் விடலாமா?

கூடாது. இரணைமடுவிலோ முத்தையன்கட்டிலோ விட்டால் பெரும்பாலும் கொக்குக்கோ விராலுக்கோ இரை. தப்பினால் நம் குளத்து மீனுக்கு நோயைக் கொடுக்கும். தொட்டியும் இடமும் உள்ள ஒருவருக்கு, ஒவ்வொன்றாக, எது யாரோடு ஒத்துப்போகாது என்றும் சொல்லிக் கொடுங்கள்.